டிராபன்ட் 601: வண்டியைக் குறை சொல்ல மனம் வரவில்லை, விற்ற விதத்துக்கு ஒரு நட்சத்திரம்கூடக் கிடையாது

புதுக் கார் வாங்க யோசனை தேடி வந்தவர்களுக்கு இந்த விமர்சனம் உதவாது, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கம்யூனிஸ்ட் ஆட்சியில் தனி நாடாக இருந்த கிழக்கு ஜெர்மனியில் 1964 முதல் 1990 வரை பெரிய மாற்றம் எதுவும் இல்லாமல் செய்துகொண்டே இருந்தார்களே, அந்த டிராபன்ட் 601ஐத்தான் பெர்லினில் ஒரு மதியம் வாடகைக்கு எடுத்து ஓட்டினேன். ஓட்டிய கதை கொஞ்சம், இந்த வண்டி ஏன் இப்படியே நின்றுபோனது என்கிற கதை கொஞ்சம் அதிகம்.

பானட்டைத் திறந்தால் என்ஜினுக்குப் பக்கத்திலேயே பெட்ரோல் டேங்க் உட்கார்ந்திருக்கிறது. பம்ப் கிடையாது, பெட்ரோல் தானாகவே கீழே இறங்கி கார்புரேட்டருக்குப் போய்விடும். எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று காட்டும் முள்ளும் பெரும்பாலான 601களில் இல்லை. மூடியைக் கழற்றி, கோடு போட்ட ஒரு குச்சியை உள்ளே விட்டு, ஈரம் எதுவரை ஏறியிருக்கிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். ஓடும்போது என்ஜின் திணற ஆரம்பித்தால் டாஷ்போர்டுக்கு அடியில் கையை விட்டுத் துழாவி ஒரு குழாயை ரிசர்வ் பக்கம் திருப்ப வேண்டும், அதுவும் கண் ரோட்டில் இருக்கும்போதே. விபத்து நடந்தால் முன்பக்கம் இருக்கும் அந்த டேங்க் என்ன ஆகும் என்று யோசிக்காமல் இருப்பது நல்லது.

ஓட்டுவது உண்மையிலேயே ஜாலியாக இருந்தது. இரண்டு சிலிண்டர், 594 சிசி, டூ-ஸ்ட்ரோக், 26 குதிரைத்திறன். எடை 600 கிலோ சொச்சம்தான் என்பதால் நகருக்குள் நன்றாகவே பாய்கிறது. சத்தம் மட்டும் புல்வெட்டும் இயந்திரம் போல. பெட்ரோலோடு 50க்கு 1 என்று ஆயில் கலந்து ஊற்றுகிறார்கள், பின்னால் நீலப் புகை. கியர் ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில். நான்காவது கியரில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் சக்கரங்கள் என்ஜினை விட்டு விலகி வண்டி சும்மா உருளும், ஏனென்றால் டூ-ஸ்ட்ரோக்கில் பெட்ரோல் குறைந்தால் ஆயிலும் குறைந்து என்ஜின் காய்ந்துவிடும், அதைத் தடுக்கத்தான் இந்த ஏற்பாடு. கெட்டிக்கார யோசனை. ஆனால் இறக்கத்தில் முதல் தடவை அப்படி உருளும்போது வயிற்றைக் கலக்கும்.

அட்டைக் கார் என்று கேலி செய்வார்கள், தட்டிப் பார்த்தேன், அட்டை இல்லை. சோவியத் யூனியனிலிருந்து வந்த பஞ்சுக் கழிவை பீனால் பிசினோடு சேர்த்து அழுத்திச் செய்த டியூரோபிளாஸ்ட். 1950களில் கார் செய்ய ஏற்ற தகட்டு எஃகு கிழக்கு ஜெர்மனிக்குக் கிடைக்கவில்லை, மேற்கு நாடுகளின் ஏற்றுமதித் தடை வேறு. இருப்பதை வைத்துச் செய்தார்கள். துரு பிடிக்காது, லேசு. இந்த வண்டியைச் செய்த ட்ஸ்விக்காவ் ஊர்த் தொழிற்சாலையின் பொறியாளர்களைப் பற்றி யாராவது இளக்காரமாகப் பேசினால் எனக்குக் கோபம் வருகிறது, ஹார்ஷ் என்ற பழைய சொகுசுக் கார்களைச் செய்த ஊர், ஆடி பிறந்த ஊர் அது.

அவர்கள் சும்மாவும் இருக்கவில்லை. 1960களிலேயே பின்கதவு மேலே திறக்கிற ஒரு புது மாடலைத் தயார் செய்தார்கள், பி 603 என்று பெயர். 1968ல் ஆளும் கம்யூனிஸ்ட் கட்சித் தலைமை அதை நிறுத்திவிட்டது. பொருளாதாரத்தைக் கையில் வைத்திருந்தவர் குன்டர் மித்தாக். மேற்கு ஜெர்மனியில் அதே பாணியில் ஃபோக்ஸ்வாகனின் கோல்ஃப் கார் 1974ல்தான் வந்தது. இன்னொரு முயற்சி பி 610, அதையும் 1979ல் மூடினார்கள். பணம் இல்லை என்பது காரணம், அது பொய்யும் இல்லை. வீட்டு வாடகை, ரொட்டி விலை எல்லாவற்றையும் பல வருடங்களாக மானியத்தில் கட்டிப் போட்டு வைத்திருந்தார்கள். ரொட்டி அவ்வளவு மலிவு என்பதால் அதைப் பன்றிக்கும் முயலுக்கும் போட்டவர்கள் உண்டு. அந்த விலைகளைக் கூட்டினால் ஜனங்கள் தெருவுக்கு வருவார்கள் என்று 1971 முதல் கட்சித் தலைவராக இருந்த ஹோனெக்கருக்குப் பயம், எனவே வெட்டு விழுந்தது புது இயந்திரங்களில். அதுபோக, வருடக்கணக்கில் ஆள் காத்திருக்கும்போது மாடலை மாற்ற எந்த மேலாளருக்கு அவசரம்?

இப்போது விற்பனைக்கு வருவோம், என் ஒரு நட்சத்திரம்கூட இல்லாத பகுதி. 18 வயது ஆனதும் அரசு விற்பனை அலுவலகத்தில் பெயர் பதிந்துவிட வேண்டும். அப்புறம் 10, 15 வருடம் காத்திருக்க வேண்டும். கார் வேண்டாம் என்பவர்களும் பதிந்தார்கள், பதிவுச் சீட்டுக்கே விலை இருந்ததால். புது வண்டிக்கு அரசு விலை ஏறக்குறைய 10,000 மார்க், மாதச் சம்பளம் ஆயிரம் சொச்சம், ஆக கணக்குப் பார்த்தால் எட்டாத விலை இல்லை. ஆனால் உடனே கிடைக்கும் பழைய வண்டி புது வண்டியை விட விலை கூட! அந்த வித்தியாசம்தான் காத்திருப்பின் உண்மையான விலை, எந்தத் திட்டக் குழு அறிக்கையிலும் அதைக் காட்ட மாட்டார்கள்.

மேற்கில் சொந்தக்காரர் இருந்தால் கதை வேறு. கெனெக்ஸ் என்று கிழக்கு ஜெர்மன் அரசே ஒரு நிறுவனம் நடத்தியது. மாமாவோ அத்தையோ மேற்கு ஜெர்மன் மார்க்கில் பணம் கட்டினால் அதே டிராபன்ட் வரிசையே இல்லாமல் வீடு வந்து சேரும். தொழிலாளர் அரசில், தொழிலாளிக்கு 15 வருடம், சித்தப்பா ஃபிராங்க்ஃபர்ட்டில் இருப்பவருக்குச் சில வாரம். தலைவர்கள் வோல்வோவில் போனார்கள்.

புகார் செய்யலாம், அதற்கு முறை இருந்தது. குடிமகன் அரசுக்கு மனு எழுதலாம், நான்கு வாரத்தில் பதில் சொல்ல வேண்டும் என்று 1975ல் சட்டமே போட்டார்கள். கார் எப்போது வரும், சைலன்சர் எங்கே கிடைக்கும் என்று மக்கள் எழுதித் தள்ளினார்கள். ஒருவர் தனியாக எழுதினால் மனு, நாலு பேர் கூடிக் கையெழுத்துப் போட்டால் ரகசியப் போலீஸான ஸ்டாசி கவனிக்கும் விஷயம். இப்போது நான் எழுதுகிற மாதிரி எல்லோரும் படிக்க எழுதுவதற்கெல்லாம் பேச்சே இல்லை.

கடைசியில் கொஞ்சம் விழித்தார்கள். 1984ல் ஃபோக்ஸ்வாகனோடு என்ஜின் ஒப்பந்தம். முந்தைய வருடம்தான் மேற்கு ஜெர்மனியின் பவேரியா மாநில முதல்வர் ஸ்ட்ராவுஸ், கம்யூனிஸ்ட் என்றாலே ஆகாத மனிதர், கிழக்கு ஜெர்மனிக்கு 100 கோடி மார்க் கடனுக்கு ஏற்பாடு செய்திருந்தார்; நிலைமை அந்த அளவுக்கு இருந்தது. 1988ல் அந்த என்ஜினோடு வந்த, கிழக்கு ஜெர்மனியின் இன்னொரு காரான வார்ட்பர்க் 1.3 விலை 30,000 மார்க்கைத் தாண்டியதும் ஜனங்களுக்கு எரிச்சல். 1989 அக்டோபர் இறுதியில் திட்டக் குழுத் தலைவர் ஷூரர் உண்மையை எழுதிக் கொடுத்தார்: நாட்டின் கடன் மேலும் ஏறாமல் நிறுத்துவதற்கு மட்டுமே வாழ்க்கைத் தரம் 25 முதல் 30 சதவீதம் குறைய வேண்டும். பத்து நாளில் பெர்லின் சுவர் திறந்தது. அதற்கு முன்பே ஹங்கேரி வழியாகவும் பிராகிலிருந்தும் தப்பியவர்கள், இத்தனை வருடம் காத்திருந்து வாங்கிய வண்டியைத் தெருவோரம் விட்டுவிட்டே போனார்கள்.

புது என்ஜின் வைத்த டிராபன்ட் 1.1 வந்தது 1990ல். ஜூலையில் மேற்கு மார்க் கைக்கு வந்ததும் அதை யாரும் சீண்டவில்லை. 1991 ஏப்ரல் 30ல் கடைசி வண்டி.

இப்போது பழசு வாங்க ஆசைப்படுகிறவர்களுக்கு: வெளித்தகட்டைப் பார்த்து ஏமாறாதீர்கள், அது எப்போதும் நன்றாகத்தான் இருக்கும். உள்ளே இருக்கும் எலும்புக்கூடு எஃகு, அதுதான் துருப்பிடிக்கும், கீழே படுத்துப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். ஜெர்மனியில் இன்னும் 30,000க்கு மேல் ஓடுகின்றன, உதிரி பாகம் பிரச்சனையே இல்லை. வண்டிக்கு மூன்றரை நட்சத்திரம். சட்டையில் ஏறிய புகை நாற்றம் இரண்டு தடவை துவைத்தும் போகவில்லை, இல்லாவிட்டால் நான்கு கொடுத்திருப்பேன்.