படத் தேர்வுக்கு முழு மார்க், மைக் கொடுத்த விதத்துக்குப் பாதிகூடக் கிடையாது

பாண்டிச்சேரியில் ஒரு சின்னக் குழு வாடகைக்கு ஹால் பிடித்து ஞாயிற்றுக்கிழமைகளில் படம் போடுகிறார்கள். குறை சொல்லப்போகிறேன், அதனால் பெயர் வேண்டாம். கட்டணம் 100 ரூபாய், டீயும் மசால் வடையும் அதிலேயே அடக்கம். வடை நன்றாக இருந்தது. திரை பரவாயில்லை, பழைய படத்துக்கு மட்டும் ஸ்பீக்கர் கரகரத்தது.

இந்தத் தடவை பாலியல் வன்முறையும் அதற்குப் பிறகான வாழ்க்கையும். எண்பதுகளின் படங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், கசங்கிய பூ, இடி மின்னல், அப்புறம் அந்தப் பெண் கிணற்றில் விழுவாள், இல்லை பஞ்சாயத்து கூடிக் கெடுத்தவனுக்கே கட்டிவைக்கும், அதுவும் இல்லையென்றால் அண்ணன்காரன் அரிவாளோடு கிளம்பிவிடுவான், அதோடு அவளை எல்லாரும் மறந்துவிடலாம். அந்த ரகம் ஒன்றும் போடாததற்கே நன்றி.

முதலில் 1977-ல் வந்த 'சில நேரங்களில் சில மனிதர்கள்'. பீம்சிங் இயக்கம், லட்சுமிக்குத் தேசிய விருது கிடைத்த படம். எழுதிய ஜெயகாந்தன் மஞ்சக்குப்பத்தில் பிறந்தவர் (கடலூர்க்காரியால் இதைச் சொல்லாமல் இருக்க முடியாது). இதற்கு முன் அவர் எழுதிய 'அக்கினிப் பிரவேசம்' சிறுகதையில், மழையில் ஒருவன் காரில் ஏற்றிக்கொண்டுபோய்க் கெடுத்த மகளின் தலையில் அம்மா தண்ணீரைக் கொட்டி, நீ சுத்தமாகிவிட்டாய் என்று சேர்த்துக்கொள்கிறாள். இங்கே அம்மா போடும் கூச்சலில் ஊருக்கே தெரிந்துவிடுகிறது, அண்ணன் வீட்டைவிட்டுத் துரத்துகிறான். பல வருடம் கழித்து நல்ல வேலை, கைநிறையச் சம்பளம் எல்லாம் வந்த பிறகும் படிக்கவைத்த மாமா வாயைத் திறந்தால் அந்த ஒரு நாள்தான் வரும், அவர் பார்வையும் சரியில்லை. கங்காவாக வரும் லட்சுமி அழுது தீர்ப்பதில்லை. யாரையும் பக்கத்தில் விடாத ஒரு விறைப்போடு நடமாடுகிறார், அதைப் பார்த்துக்கொண்டிருப்பதே கஷ்டமாக இருந்தது. ஆனால் காரில் ஏற்றிக்கொண்டுபோனவன் செய்தது வன்முறை என்று அழுத்திச் சொல்லப் படம் தயங்குவதாகத்தான் எனக்குப் பட்டது.

அடுத்தது 2022-ல் வந்த 'கார்கி'. ஒரு குழந்தைக்கு நடந்த பாலியல் வன்முறையைக் காட்டிப் பதறவைக்கும் வேலையே இல்லை. அந்த வழக்கில் கைதானவரின் மகளாகச் சாய் பல்லவி, திக்கித் திக்கிப் பேசும் வக்கீலாகக் காளி வெங்கட், இரண்டு பேரும் பிரமாதம். முடிவைச் சொல்லமாட்டேன். அந்தக் குழந்தை பெரும்பாலும் ஓரமாகவே இருப்பது மட்டும் உறுத்தியது.

சரி, கோபத்துக்கு வருகிறேன். போஸ்டரில் படங்களின் பெயர் மட்டும்தான் இருந்தது, எதைப் பற்றி என்று ஒரு வரி இல்லை. இரண்டாவது படத்தின் நடுவில் ஒரு பெண் எழுந்தார், கதவு திரைக்குப் பக்கத்தில் இருப்பதால் அத்தனை பேருக்கும் முன்னால், வெளிச்சம் முகத்தில் விழ, குனிந்தபடி போனார். போய் விசாரிக்க ஏற்பாட்டாளர்களில் ஒருவர்கூட எழவில்லை. கடைசியில் கலந்துரையாடலில் முதல் மைக் ஒரு பெரியவருக்கு. "அந்தப் பொண்ணு ஏன் சார் தெரியாதவன் கார்ல ஏறணும்?" என்றார். "நல்ல கேள்வி" என்று சொல்லி மைக்கை அடுத்தவருக்குக் கொடுத்துவிட்டார்கள்! கங்காவின் மாமா கேட்பதும் இதுதானே, அதைத்தானே இவ்வளவு நேரம் பார்த்தோம்?

பின் கதவைத் திறந்து வையுங்கள், எதைப் பற்றிய படம் என்று முன்கூட்டியே சொல்லுங்கள், பெண்களுக்கான உதவி எண் 181, குழந்தைகளுக்கான 1098 இரண்டையும் சுவரில் ஒட்டுங்கள், மைக்கைப் பேசத் தெரிந்த ஒரு பெண்ணிடம் கொடுங்கள். அடுத்த மாதம் 'சித்தா'வாம். போவேன், கதவுப் பக்கமாக உட்காருவேன். கடலூரிலிருந்து வருபவர்கள் கலந்துரையாடலுக்கு நிற்காமல் கிளம்பினால் பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்கும்.