‘கிராபிக்ஸ் மெமரி ஏற்றித் தருகிறேன்’ என்று சொல்லும் கடையில் பணம் கொடுத்துவிடாதீர்கள்

தாலி கட்டும் இடம்தான் கல்யாண வீடியோவின் உயிர். எடிட் செய்யும்போது அந்த இடத்தை டைம்லைனில் ஓட விட்டால் கெட்டிமேளம் நிற்காமல் ஒலிக்கிறது, படம் மட்டும் மாப்பிள்ளையின் கை எழுந்த இடத்திலேயே உறைந்து நிற்கிறது. மறுபடி அசையும்போது தாலி ஏறிவிட்டது, அட்சதை விழுந்துவிட்டது. எங்கே வெட்டுவது, எங்கே ஒட்டுவது? இரண்டு வாரம் இந்தத் திக்கலோடு போராடிவிட்டுத்தான் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு திண்டுக்கல்லில் ஒரு சர்வீஸ் கடைக்குப் போனேன். அங்கே 8,300 ரூபாய் கொடுத்தேன். திக்கல் அப்படியே இருந்தது. உங்களில் யாருக்கும் இது நடக்கக் கூடாது, அதனால்தான் எல்லாவற்றையும் எழுதுகிறேன்.

ஸ்டுடியோ ஒன்றுக்கு வீட்டிலிருந்து எடிட்டிங் செய்து கொடுக்கிறேன். லேப்டாப் 2018-இல் வாங்கியது: ஐ5-8250யு சிப், 8 ஜிபி ராம், 1 டெராபைட் ஹார்ட் டிஸ்க், தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது. இதிலேயே ஐம்பது கல்யாணத்துக்கு மேல் முடித்திருக்கிறேன். ஸ்டுடியோவில் புது கேமரா வாங்கிய பிறகுதான் தொல்லை ஆரம்பித்தது. கடைக்காரர் என்னிடம் கேட்டிருக்க வேண்டிய முதல் கேள்வி “எப்போதிலிருந்து?” என்பதுதான். அவர் கேட்கவே இல்லை. திக்குகிற வீடியோவை ஓட்டிக் காட்டுகிறேன் என்றபோதும் “வேண்டாம் தம்பி, ஹார்ட் டிஸ்க் வண்டி, கிராபிக்ஸ் மெமரி பத்தாது. எஸ்எஸ்டி போட்டு, ராம் ஏத்தி, மெமரியையும் 8 ஜிபி ஆக்கித் தர்றேன், வெண்ணெய் மாதிரி ஓடும்” என்றார்.

கணக்கு இப்படி: 512 ஜிபி எஸ்எஸ்டி 3,400, கூடுதல் 8 ஜிபி ராம் 2,600, கிராபிக்ஸ் மெமரி ஏற்ற 1,500, வேலைக் கூலி 800. மாலையில் திரும்பப் போனபோது, லேப்டாப்பின் எந்தப் பகுதி எவ்வளவு உழைக்கிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்து காட்டினார். ஜிபியு (கிராபிக்ஸ்) மெமரி முன்பு 3.9 ஜிபி, இப்போது 7.9. எண்ணைக் கண்ணால் பார்த்ததும் நம்பிவிட்டேன்.

இது முழு ஏமாற்று வேலை, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். என்னுடையதைப் போல சிப்புக்குள்ளேயே கிராபிக்ஸ் உள்ள லேப்டாப்பில் தனி கிராபிக்ஸ் மெமரி என்று பெரிதாக எதுவும் இருக்காது. ராமிலிருந்துதான் அது கடன் வாங்கிக்கொள்ளும். மொத்த ராமில் ஏறக்குறைய பாதியை அதற்கான உச்ச அளவாக விண்டோஸ் தானாகவே வைத்துக்கொள்கிறது. 8 ஜிபி ராமுக்கு 3.9, 16 ஜிபி ராமுக்கு 7.9. யாரும் எதையும் ஏற்ற வேண்டியதில்லை. பிறகு நண்பன் ஒருவன் பின்மூடியைக் கழற்றி, புது ராமை உருவிவிட்டு லேப்டாப்பை ஓட விட்டான்: 3.9. திரும்பச் செருகினான்: 7.9. ராமுக்கு வாங்கிய பணத்துக்கு மேல் அதே ராமுக்கு இன்னொரு 1,500 வாங்கியிருக்கிறார்கள்.

அன்றிரவு வீட்டுக்கு வந்து தாலி கட்டும் இடத்தை ஓட்டினேன். விண்டோஸ் சட்டென்று திறந்தது, கோப்புகள் வேகமாகக் காப்பி ஆயின. வீடியோ மட்டும் அதே இடத்தில் அதே மாதிரி நின்றது. அந்த நண்பனுக்குப் போன் செய்தேன். அவன் கேட்டது ஒன்றே ஒன்று: “ஓட்டும்போது டாஸ்க் மேனேஜரில் சிபியு எவ்வளவு, ஜிபியு பக்கத்தில் ‘வீடியோ டீகோடு’ எவ்வளவு?” பார்த்தேன். சிபியு, அதாவது முதன்மைச் செயலி, 100 சதவீதத்தில் முட்டிக்கொண்டு நின்றது. வீடியோ டீகோடு பூஜ்ஜியம்.

காரணம் கேமராதான். அது 4கே-யில், 10 பிட், 4:2:2 என்ற, நிறத்தைக் கூடுதல் விவரத்தோடு வைக்கும் வகையில் பதிகிறது. என் தலைமுறைச் சிப்பில், சுருக்கிப் பதிந்த வீடியோவை விரிக்கத் தனிப் பகுதி ஒன்று (‘வீடியோ டீகோடு’ என்று காட்டுவது அதைத்தான்) இருந்தாலும் அதற்கு 4:2:2 தெரியாது. மொத்தச் சுமையும் சிபியு தலையில் விழுகிறது. அதோடு, இந்தக் கோப்புகளில் ஒவ்வொரு பிரேமும் முழுப் படமாக இருப்பதில்லை. ஒரு முழுப் படம், அடுத்தடுத்து மாறிய பகுதிகள் மட்டும் என்று போகும். நடுவில் ஓர் இடத்தைத் தொட்டால், முந்தைய முழுப் படத்திலிருந்து கணக்குப் போட்டுத்தான் காட்ட முடியும். டிஸ்க் இதில் குற்றவாளியே இல்லை. அந்தக் கோப்பு நொடிக்கு 150 மெகாபிட், அதாவது 19 மெகாபைட்டுக்கும் குறைவு. என் பழைய ஹார்ட் டிஸ்க் அதைப் போல மூன்று மடங்கையாவது கொடுக்கும்.

தீர்வுக்கு ஒரு ரூபாய் செலவாகவில்லை. கேடென்லைவ் என்ற இலவச எடிட்டிங் மென்பொருளில் ப்ராஜெக்ட் செட்டிங்ஸுக்குப் போய் ப்ராக்ஸியை இயக்கினேன். ஒவ்வொரு கிளிப்புக்கும் சிறிய நகல் ஒன்றை அது உருவாக்கிக்கொள்ளும். நாம் வெட்டுவதும் ஒட்டுவதும் அந்த நகலில், கடைசியில் முழு வீடியோவாக ரெண்டர் ஆவது அசல் கோப்பிலிருந்து. (ரெண்டர் செய்யும் பக்கத்தில் ப்ராக்ஸியைப் பயன்படுத்தச் சொல்லும் கட்டத்தை மட்டும் டிக் செய்துவிடாதீர்கள், மங்கலாக வரும்.) நகல் எடுக்க விடிய விடிய ஆனது, சார்ஜரைச் செருகியே வைத்திருந்தேன். பிரிவ்யூ அளவையும் 540பி-க்குக் குறைத்தேன். காலையில் கை எழுந்தது, தாலி ஏறியது, அட்சதை விழுந்தது, ஒரு பிரேம்கூடத் தப்பவில்லை. பிரீமியர், டாவின்சி ரிசால்வ் என்ற மற்ற எடிட்டிங் மென்பொருள்கள் இரண்டிலும் இதே ப்ராக்ஸி வசதி இருக்கிறது.

அப்புறம்தான் மற்றதையும் சோதித்தேன். டிஸ்க் எவ்வளவு ஓடியிருக்கிறது என்று காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவில் பார்த்தால், ‘புதுசு’ என்று விற்ற எஸ்எஸ்டி 11,000 மணி நேரத்துக்கு மேல் ஓடியிருந்தது. ஒரு வருடத்துக்கும் மேல் இரவு பகலாக வேறு யாரோ பயன்படுத்தியது. கேட்காமலே ‘ஃப்ரீயா’ போட்டுக் கொடுத்த திருட்டு எடிட்டிங் மென்பொருளுக்காக விண்டோஸின் ஆன்டிவைரஸை அணைத்தே வைத்திருந்தார்கள். அடுத்தவர் வீட்டுக் கல்யாணப் படங்கள் இருக்கும் லேப்டாப் இது. எல்லாவற்றையும் அழித்து விண்டோஸைப் புதிதாகப் போட்டேன், பாஸ்வேர்டுகளை மாற்றினேன்.

ராமைக் குறை சொல்ல மாட்டேன். அது நல்ல சரக்கு, இரண்டு துண்டாக இருப்பதால் உள் கிராபிக்ஸுக்கும் உதவிதான்.

திரும்பப் போய்க் கேட்டபோது, “பயாஸ்ல போய் மாத்தினோம் தம்பி, அதுக்குத்தான் காசு” என்றார் கடைக்காரர். (விண்டோஸ் திறப்பதற்கு முன் வரும் அடிப்படை செட்டிங்ஸ்தான் பயாஸ்.) “அந்த மெனுவைக் காட்டுங்கண்ணே” என்றேன். காட்டவில்லை, என் லேப்டாப்பில் அப்படி ஒரு மெனுவே கிடையாது. ஓடிய மணி நேரத்தைக் காட்டி, நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசப் போகிறேன் என்றதும் எஸ்எஸ்டியை எடுத்துக்கொண்டு 3,400-ஐத் திருப்பிக் கொடுத்தார். 1,500 வரவில்லை. பில்லில் ‘லேப்டாப் சர்வீஸ் – 8,300’ என்று ஒரே வரி. எந்தப் பொருள், எவ்வளவு, என்ன சீரியல் எண் என்று எதுவும் இல்லை. நீங்கள் எங்கே கொடுத்தாலும் இதைத் தனித்தனியாக எழுதி வாங்குங்கள். லேப்டாப்பைக் கையை விட்டுக் கொடுப்பதற்கு முன், திக்குகிற அதே கோப்பை அவர்கள் எதிரில் ஓட்டி, டாஸ்க் மேனேஜரில் எது முட்டுகிறது என்று காட்டச் சொல்லுங்கள்.

மீதி 1,500 ரூபாய்க்கு 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். வீடியோவைச் சொன்ன தேதிக்கு ஒன்பது நாள் தாமதமாகக் கொடுத்தேன்.