பின்னங்கால் தளர்ந்த வளர்ப்பு எலிக்கு ஃப்ளீஸ் விரிப்பு எப்படி?

இரண்டு வயதை நெருங்கும் எலிகளுக்கு, குறிப்பாக ஆண் எலிகளுக்கு, பின்னங்கால் தளர்வது சகஜம். காலை இழுத்து நகரும் எலிக்குக் கம்பித் தளம் ஆகவே ஆகாது. பாதம் உரசிப் புண்ணாகும். துணிக்கடையில் மீட்டர் கணக்கில் வாங்கும் பாலியஸ்டர் ஃப்ளீஸ், அதாவது கம்பளி போலப் பொசுபொசுவென்ற செயற்கை இழைத் துணி, இதற்கு நல்ல தேர்வு. மெத்தென்று இருக்கும், வழுக்காது, ஓரம் தைக்காவிட்டாலும் நூல் பிரியாது. குளியல் துண்டு மட்டும் வேண்டாம். அதன் நூல் வளையங்களில் நகம் சிக்கும்.

புதுத் துணியில் சிறுநீர் இறங்காமல் முத்து முத்தாக நிற்கும். வாசனையில்லாத சோப்புத்தூள் போட்டு வெந்நீரில் இரண்டு மூன்று முறை துவைத்தால் சரியாகும். துணியை மென்மையாக்கும் திரவம் சேர்த்தால் பழைய கதைதான். ஃப்ளீஸ் ஈரத்தைத் தன்னிடம் வைத்துக்கொள்ளாது, கீழே கடத்தும்; ஆகவே அடியில் பருத்தித் துணி இரண்டு மடிப்பு கட்டாயம்.

பெரிய குறை, தினமும் மாற்ற வேண்டும். விட்டால் அம்மோனியா நெடி நுரையீரலைக் கெடுக்கும். எலிக்கு ஏற்கெனவே பலவீனமான இடம் அது. அடிவயிறும் தொடையும் ஈரத்தில் ஊறிச் சிவக்கும். வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியால் துடைத்து, நன்றாக உலர்த்துங்கள். மூன்று செட் வைத்திருந்தால் சமாளிக்கலாம். துணியைக் கடித்துக் குதறும் எலிக்கு இது சரிப்படாது.

கூண்டு ஒற்றைத் தளமாகவும், தண்ணீர்க் குழாய் முனை தாழ்வாகவும் இருக்கட்டும். கால் ஒரே நாளில் திடீரென விழுந்தால் விரிப்பைத் தேடாமல் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.