ஏனோதானோ ஆட்களுக்கு நடுவே ட்ரெலோ: சின்ன அச்சகத்துக்கு உதவுமா?

கல்முனையிலோ மட்டக்களப்பு நகரிலோ ஆறேழு பேர் வேலை செய்கிற அச்சகம். இரண்டு பேர் ஓடியோடிச் செய்வார்கள், மற்றவர்கள் போனும் கையுமாக. சம்பளம் எல்லாருக்கும் ஒன்றுதான். ஓடுகிறவருக்கும் ஒருநாள் 'எனக்கு மட்டும் என்ன வந்தது?' என்று விட்டுப்போகும். அந்த இடத்தில்தான் ட்ரெலோவின் (Trello) இலவசப் பதிப்பு கைகொடுக்கிறது. வேலைகளை அட்டைகளாக எழுதி, பட்டியல் பட்டியலாக நகர்த்திப் பார்க்கிற இணையச் செயலி அது.

ட்ரெலோ யாரையும் சுறுசுறுப்பாக்காது. யார் எதைச் செய்தார் என்று பிரித்துக் காட்டும், அவ்வளவே. பிரெஞ்சுக்காரர் ரிங்கல்மன் 1913இல் வெளியிட்ட கயிறிழுப்புக் கணக்கில், 8 பேர் சேர்ந்து இழுத்தபோது ஆளுக்கு வந்த விசை தனியே இழுத்ததில் ஏறக்குறையப் பாதி. இழுவை ஒரே நேரத்தில் விழாதது ஒரு காரணம். கரைவலைக்காரர் அம்பாப் பாட்டுப் பாடி இழுப்பது இழுவை ஒன்றாக விழத்தான். கூட்டத்தில் நம் பங்கு தெரியப்போவதில்லை என்ற தளர்வு மற்றது. ட்ரெலோ தொடுவது இரண்டாவதை.

பட்டியல் ஐந்து போதும்: ஓடர், டிசைன், புரூப், அச்சு, முடிந்தது. ஒரு வேலைக்கு ஒரு அட்டை, அதில் ஒரே ஒரு பெயர். இருவரைப் போட்டால் மற்றவர் பார்ப்பார் என்று இருவரும் இருந்துவிடுவார்கள். கொடுக்கவேண்டிய திகதியையும் போடுங்கள், தப்பினால் சிவப்பாகும்.

உதாரணத்துக்கு, ஒரு பில் புத்தக ஓடர் புரூப்பில் நாலு நாளாகக் கிடக்கிறது. டிசைன் பண்ணுகிற தம்பிதான் தூங்குகிறார் என்று தோன்றும். அட்டையைத் திறந்தால் 'செவ்வாய் காலை அனுப்பியாச்சு, கடைக்காரர் போன் நம்பரைச் சரிபார்த்துச் சொல்லவில்லை' என்று குறிப்பு. சோம்பல் என்று நாம் பெயர் வைப்பதில் கணிசமானது இப்படிக் காத்துக்கிடப்பது. பக்கத்து மேசை மீதான எரிச்சல் அங்கேயே இறங்கிவிடும். உண்மையிலேயே மினக்கெடுகிறவர் என்றால், கோள் சொல்லாமலே முதலாளிக்குத் தெரியும். முதலாளி திறந்து பார்க்க வேண்டும், அதுதான் சிக்கல்.

முடிந்த அட்டைகளை உடனே ஆவணக்காப்புக்குள் (Archive) தள்ளாதீர்கள், அழிக்கவே வேண்டாம். மாசக் கடைசி வரை கிடந்தால், உங்கள் பெயரால் வடிகட்டி எத்தனை வேலை முடித்தீர்கள் என்று பார்க்கலாம். சம்பளப் பேச்சுக்கு அதைவிட நல்ல கணக்கில்லை.

குறைகளும் உண்டு. பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்ததை ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். யூனிகோட்டுக்கு மாற்றித்தான் போடவேண்டும். இலவசப் பதிப்பில் ஒரு கோப்பு 10 எம்பிக்கு மேல் ஏறாது, பனர் டிசைன் நிச்சயம் அடங்காது. சின்ன ஜேபெக் ஒன்றைப் போட்டு, மூலக் கோப்புக்கு கூகுள் டிரைவ் இணைப்புக் கொடுங்கள்.

மூன்றே பேர் உள்ள கடையென்றால் இதெல்லாம் வீண் வேலை. சுவரில் ஒரு வெள்ளைப் பலகையும் மார்க்கரும் போதும்.