ஒரே டயர், இரண்டு ரிம்: 205/55 ஆர்16 அனுபவம்

முதலில் 6ஜே (6 அங்குல அகலம்) ஸ்டீல் ரிம், அப்புறம் 7ஜே (7 அங்குலம்) அலாய். கார் அதேதான், டயர் சைஸும் அதேதான் (205 மில்லிமீட்டர் அகலம், சைடுவால் எனும் பக்கச்சுவரின் உயரம் அதில் 55 சதவீதம், 16 அங்குல ரிம்), டயர் மாடலைக்கூட மாற்றவில்லை. இரண்டிலும் ஒரு செட் டயர் தேயும் வரை ஓட்டியாகிவிட்டது என்பதால் எழுதுகிறேன்.

டயரில் 205 என்று போட்டிருந்தால் எந்த ரிம்மில் மாட்டினாலும் 205 மில்லிமீட்டர் அகலம்தான் வரும் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். அது பெயரளவு எண்தான், இந்த சைஸை அளவெடுக்கும் 6.5 அங்குல ரிம்மில் மாட்டினால் சுமார் 214 வரும். ரிம் அரை அங்குலம் கூடினாலோ குறைந்தாலோ டயரின் அகலமும் சுமார் 5 மில்லிமீட்டர் மாறும். அதனால் என் 6ஜே-யில் அது 209 பக்கம், 7ஜே-யில் 219 பக்கம். இந்த சைஸுக்கு 5.5 முதல் 7.5 அங்குல ரிம் வரை அனுமதி உண்டு, ஆக இரண்டுமே கணக்குக்குள்தான்.

ஆனால் ஓட்டும்போது ஒரே டயர் மாதிரி இல்லை. 6ஜே-யில் சைடுவால் வெளியே பிதுங்கி நிற்கும், ஒரு ஸ்கேலை டயரின் பக்கவாட்டில் நிமிர்த்தி வைத்தால் ரிம் விளிம்புக்கும் ஸ்கேலுக்கும் நடுவில் விரல் நுழையும். வளைவில் வேகமாகத் திரும்பினால் ஸ்டியரிங்கைத் திருப்பி ஒரு கணம் கழித்துத்தான் கார் கேட்கும், அந்த இடைவெளியில் சைடுவால் மடங்குவது கைக்கே தெரியும். 7ஜே-யில் அந்தத் தொய்வு போய்விட்டது, நெடுஞ்சாலையில் தடம் மாறும்போது கார் பட்டென்று திரும்புகிறது. அதற்கு விலையும் உண்டு: சின்னப் பள்ளங்கள்கூட உள்ளே தெரிகின்றன, நடைபாதை ஓரமாக நிறுத்தும்போது முன்பு ரப்பர் உரசிய இடத்தில் இப்போது அலாய் உரசுகிறது. தேய்மானத்திலும் வித்தியாசம் பார்த்தேன். கதவுச் சட்டத்து ஸ்டிக்கரில் இருக்கும் அதே காற்றழுத்தம்தான், 6ஜே-யில் நடு ட்ரெட் கொஞ்சம் முந்தித் தேய்ந்தது, 7ஜே-யில் சீராகத் தேய்ந்தது. மைலேஜில் சொல்லும்படி எதுவும் இல்லை.

அலாய் என்றாலே எடை குறையும் என்ற பேச்சை விடுங்கள், அது ரிம்முக்கு ரிம் மாறும்.

வாங்கும் முன் ஸ்போக்கின் பின்பக்கத்தில் அச்சிட்டிருப்பதைப் பாருங்கள். 16×7ஜே ஈடி45 என்பது போல இருக்கும்: 16 அங்குல விட்டம், 7 அங்குல அகலம், ஈடி என்பது ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து அது காரில் பொருந்தும் முகம் எத்தனை மில்லிமீட்டர் வெளிப்பக்கம் இருக்கிறது என்பது. டேப்பை வைத்து வெளி விளிம்பிலிருந்து வெளி விளிம்பு வரை அளந்தால் கிட்டத்தட்ட ஓர் அங்குலம் அதிகமாகக் காட்டும், ஏனென்றால் ரிம் அகலம் என்பது டயரின் பீட் (ரிம்மைப் பிடித்துக்கொள்ளும் டயர் விளிம்பு) உட்காரும் உள்பக்க அளவு. ஈடி எண்ணை யாரும் கவனிப்பதில்லை, எனக்குக் கேட்டால் அகலத்தைவிட அதில்தான் சிக்கல். 6-லிருந்து 7-க்குப் போனால் ரிம் உள்ளே 12.7, வெளியே 12.7 மில்லிமீட்டர் விரியும். இதோடு ஈடி 50-லிருந்து 45-ஆகக் குறைந்தால் வெளியே 17.7 தள்ளும், உள்ளே 7.7 மட்டும். நாலு பேரை ஏற்றிக்கொண்டு ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்து, வீல் ஆர்ச்சில் உரசுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பழைய ரிம்மைக் கொடுக்க வேண்டும்.

அடுத்த முறை 6.5ஜே-தான் எடுப்பேன். 7.5 அனுமதிக்குள் இருக்கிறதே என்று போட ஆசைப்படுபவர்கள் சாலை வழுவழுப்பாக இருக்கும் இடத்தில் போட்டுக்கொள்ளட்டும். அதையும் தாண்டி 8-ல் இழுத்து மாட்டுவது அழகுக்காக மட்டும்தான், காற்று குறைந்தால் பீட் ரிம்மைவிட்டுக் கழன்றுகொள்ளும் அபாயம் இருக்கிறது.

205-க்கு இந்த ரிம் பொருந்தும் என்று பொத்தாம்பொதுவாகவும் சொல்ல முடியாது. 205/45 ஆர்17 என்றால் சைடுவால் குட்டை, குறைந்தபட்சமே 6.5 வேண்டும். 225/45 ஆர்17-க்கு 7 முதல் 8.5. கையில் 17 அங்குல 6.5ஜே இருக்கிறது, அதிலேயே 225 மாட்டலாமா என்று கேட்பவர்களுக்கு: வேண்டாம், 205/45 தேடுங்கள், அதுவும் பழைய டயரின் விட்டத்தோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிட்டு.