யுக்கா யாலோனென் பயிற்சி: பின்லாந்து இரண்டு முறை வாங்கிய சேவை எப்படி?

முதலில் பெயர்க் குழப்பம் தீரட்டும். பின்லாந்து ஐஸ் ஹாக்கியில் யாலோனென் என்று தேடினால் இரண்டு பேர் வந்து நிற்பார்கள். ஆங்கிலத்தில் ‘ஜே’ போட்டு எழுதியிருந்தாலும் பின்னிஷ் மொழியில் அது ‘ய’தான். காரி யாலோனென் எண்பதுகளின் தொடக்கத்தில் வட அமெரிக்காவின் தலைமை லீகான என்.எச்.எல்.லில் கால்கரிக்கும் எட்மன்டனுக்கும் ஆடியவர். பிறகு பயிற்சியாளராகி, சுவிட்சர்லாந்தின் பெர்ன் அணிக்கு 2017, 2019 என இரண்டு பட்டங்கள் வாங்கித் தந்தார், 2022இல் செக் அணிக்கு உலக வெண்கலம். நல்ல சரக்குதான், ஆனால் வேறு சரக்கு. இங்கே பேசப்போவது யுக்கா யாலோனென் பற்றி. 1962இல் ரீஹிமாகியில் பிறந்தவர். ஆடிய காலத்தில் ஊர் அறிந்த பெயர் இல்லை, பெஞ்சுக்குப் பின்னால் நிற்கத் தொடங்கிய பிறகு வந்த பெயர்தான் எல்லாம்.

ஹாமென்லின்னாவின் எச்.பி.கே. அணிக்கு 2006இல் அதன் முதல் லீக் பட்டம் அவர் கையால் வந்தது. அதைப் பார்த்துதான் பின்லாந்து ஐஸ் ஹாக்கி சங்கம் தேசிய அணியை ஒப்படைத்தது. முதல் ஒப்பந்தம் 2008 முதல் 2013 வரை, இரண்டாவது 2018 முதல் 2024 வரை. நடுவில் 2016இல் 20 வயதுக்கு உட்பட்டோர் அணி ஒரு சிறு வேலையாக வந்தது, அதிலும் ஹெல்சிங்கியில் தங்கம்.

கைக்கு வந்த பொருளை எண்ணிப் பார்க்கலாம். பின்லாந்து ஆண்கள் அணி வென்ற உலகப் பட்டங்கள் 1995, 2011, 2019, 2022 என நான்கு. முதலாவது ஸ்வீடன்காரரான கர்ட் லிண்ட்ஸ்ட்ரோம் காலத்தது, மற்ற மூன்றும் யாலோனென் கணக்கு. பின்லாந்தின் ஒரே ஒலிம்பிக் ஹாக்கித் தங்கம், 2022 பெய்ஜிங், அதுவும் அவருடையதே. இவை போக 2010 வான்கூவர் வெண்கலம், 2021 ரீகா வெள்ளி. சுமார் 55 லட்சம் பேர் வாழும் நாட்டுக்கு இது கொள்ளை லாபம்.

சரி, பெட்டியைத் திறந்தால் உள்ளே என்ன இருக்கிறது? பின்னிஷில் ‘வீசிக்கோ’ என்று ஒரு சொல் உண்டு, ஐவர் கூட்டம் என்று பொருள். கோல்கீப்பர் தவிர்த்து பனியில் இருக்கும் ஐந்து பேரும் ஒரே உடம்பு மாதிரி நகர வேண்டும் என்பது பின்னிஷ் ஹாக்கியின் பால பாடம். யாலோனென் அதைக் கண்டுபிடித்தவர் அல்லர், ஆனால் அதைத் திருகு திருகாக முறுக்கி ஓடவிட்டவர். பக் (ஆடும் ரப்பர் வட்டு) தன்னிடம் இல்லாதபோது அணி 1-2-2 வடிவில் நிற்கும். எதிரணி தன் கோலுக்குப் பின்னால் பக்கை வைத்துக்கொண்டு மேலேறப் பார்க்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் ஃபார்வர்டு நேராகப் பாய மாட்டார். ஒரு வளைவு எடுத்து, மட்டையை நடுப்பக்கம் நீட்டி நடுவழியை அடைத்தபடி வருவார். பக் வைத்திருப்பவருக்குச் சுவரோரம் மட்டும் திறந்திருக்கும். கபடியில் ரெய்டரை மூலைக்கு ஒதுக்கிவிட்டுச் சங்கிலி காத்திருப்பது போலத்தான். அடுத்த இரண்டு பேரில் ஒருவர் அந்தச் சுவரோரத்தில், மற்றவர் நடுவில். டிஃபென்ஸ் இருவரும் களத்தின் பகுதிகளைப் பிரிக்கும் நீலக்கோட்டை ஒட்டி.

மாட்டியவருக்கு மூன்று வழி. சுவரில் அடித்துக் குருட்டுப் பாஸ் கொடுக்கலாம், அங்கே ஆள் நிற்கிறார். நீளமாக அடித்துவிடலாம், ஐசிங் (தன் பாதியிலிருந்து அடித்த பக் யாரும் தொடாமல் எதிரணியின் கோல்கோட்டைத் தாண்டும் தவறு) விழுந்தால் களைத்த அதே ஐந்து பேரோடு தன் பக்கமே திரும்ப நிற்க வேண்டும். இல்லையென்றால் பின்னால் திருப்பிக் கொடுத்து மறுபடி முதலிலிருந்து தொடங்கலாம். மூன்றில் எது நடந்தாலும் பின்லாந்துக்கு நஷ்டமில்லை.

தாக்கும்போதும் இதே கணக்குதான். இரண்டு ஃபார்வர்டுகள் மூலையில் பக்குக்காக முட்டும்போது மூன்றாமவர் உயரத்தில், பக்குக்கும் தன் கோலுக்கும் நடுவே நிற்பார். பக் கைமாறினால் திரும்பி ஓட ஒருவர் ஏற்கெனவே தயார். பார்க்கச் சலிப்பாக இருக்கிறது என்று குறைபட்டுக்கொள்ளும் ரசிகர்களின் கண்ணில் படாத ஆள் இந்த மூன்றாமவர்தான். அடுத்த முறை பழைய ஆட்டத்தை ஓடவிட்டால் பக்கை விட்டுவிட்டு இவரை மட்டும் பாருங்கள்.

இயந்திரம் எங்கே கழன்றுகொள்ளும் என்பதும் தெரிந்ததுதான். முதல் ஆள் பொறுமையிழந்து நேராகப் பாய்ந்தால் ஒரே பாஸில் நடு திறந்துவிடும், மூன்று பேர் ஒரே நேரத்தில் வெட்டுப்படுவார்கள். நடுவில் நிற்க வேண்டியவர் சுவரோரத்துக்கு உதவப் போனாலும் அதே கதி. டிஃபென்ஸ் பயந்து பின்வாங்கினால் ஃபார்வர்டுகளுக்கும் அவர்களுக்கும் இடையே ஓர் இடைவெளி விழும், வேகமான எதிரணி அங்கேதான் பக்கை வாங்கித் திரும்பும். பலரும் கவனிக்காத ஒன்று ஷிஃப்ட் நேரம். ஒரு ஷிஃப்ட், அதாவது ஆள் பனியில் இறங்கி வெளியேறும் வரையான நேரம், 40, 45 விநாடியில் முடிய வேண்டும். இரண்டாவது பீரியடில் (ஓர் ஆட்டத்தில் 20 நிமிடப் பீரியட்கள் மூன்று) பக்கம் மாறுவதால் சொந்த பெஞ்ச் தற்காப்புப் பகுதியிலிருந்து தூரமாகிவிடும். அப்போது ஒருவர் பத்து விநாடி கூடுதலாக நின்றாலும் ஆள் மாற்ற வழியின்றி ஐந்து பேரும் மாட்டிக்கொள்வார்கள்.

சேவையின் தரம் தெரிய இரண்டு இறுதி ஆட்டங்களை அடுத்தடுத்து வைத்துப் பார்ப்பது நல்லது. 2019 பிராட்டிஸ்லாவா, எதிரே கனடா. பின்லாந்து அணியில் என்.எச்.எல். ஆட்டக்காரர்கள் என்று சொல்ல விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் ஆட்கள். கனடா முதலில் கோல் போட்டது. இரண்டு மீட்டருக்கு மேல் உயரமான கேப்டன் மார்கோ அன்டிலா இரண்டு கோல், ஹாரி பெசோனென் ஒன்று, முடிவு 3-1. ஆனால் ஷாட் கணக்கைப் பார்த்தால் கனடா 44, பின்லாந்து 22. கோல்கீப்பர் கெவின் லங்கினென் 43 தடுத்தார். அன்று காப்பாற்றியது முறை மட்டுமில்லை, லங்கினெனும்தான். அரையிறுதியில் ரஷ்யாவை வென்றதும் அன்டிலாவின் ஒற்றை கோலில்.

இப்போது 2022 பெய்ஜிங் இறுதி. ரஷ்ய ஒலிம்பிக் கமிட்டி அணி பவர்பிளேயில் ஒரு கோல் போட்டு முன்னே நின்றது (கிரிக்கெட் பவர்பிளே இல்லை, எதிரணி ஆள் 2 நிமிடம் தண்டனையில் உட்கார்ந்திருக்கும் நேரம்). வில்லே போக்கா சமன் செய்தார். மூன்றாவது பீரியட் தொடங்கி 31ஆவது விநாடியில் ஹன்னெஸ் பியோர்னினென் வலைக்கு முன்னால் நின்று 2-1 ஆக்கினார். மிச்சம் 19 நிமிடம் 29 விநாடி. முன்னிலையை எப்படிப் பூட்டி வைப்பது என்பதற்குப் பாடமாகப் போட்டுக் காட்டலாம். நடுப்பகுதியில் ரஷ்யர்கள் பக்கை வாங்கும் ஒவ்வொரு முறையும் எதிரே இரண்டு மட்டைகள். ஆட்டம் முழுவதும் பின்லாந்து கோலை நோக்கி வந்தவை 17 ஷாட்கள்தான். 6 ஆட்டங்களில் 6 வெற்றி, வாங்கிய கோல் 8. அதில் 3 ஸ்வீடனிடம் வாங்கியவை, அந்த ஆட்டத்தையும் 0-3இலிருந்து மீண்டு கூடுதல் நேரத்தில் 4-3 என்று முடித்தார்கள். அந்த ஒலிம்பிக்கில் என்.எச்.எல். ஆட்டக்காரர்கள் யாரும் இல்லை, அதைக் கழித்துத்தான் மதிப்பிட வேண்டும். கழித்தாலும் நிறைய மிஞ்சுகிறது.

அதே பெய்ஜிங்கில் அன்டிலா கோவிட் தனிமையில் அடைபட்டபோது, அவருடைய மனித உரிமை மதிக்கப்படவில்லை, சாப்பாடு சரியில்லை என்று யாலோனென் வெளிப்படையாகக் கேட்டார். அந்த அணி யாலோனெனுக்காக ஏன் சுவரோரத்தில் உடம்பைக் கொடுத்து ஆடியது என்று யோசிப்பவர்கள் அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம்.

மூன்று மாதம் கழித்து தம்பெரேயில் உலகப் பட்டம், சொந்த மண்ணில். மூன்றாம் பீரியடில் மிக்கேல் கிரான்லுண்ட் பவர்பிளேயில் இரண்டு கோல் போட, 3-1 என்று முன்னே போனார்கள். பிறகு கனடா 3-3 ஆக்கியது. சகாரி மன்னினென் கூடுதல் நேரத்தில் முடித்தார். பூட்டிய கதவு திறந்துகொண்ட ஆட்டம் அது, வெற்றி என்பதால் அதிகம் பேசப்படுவதில்லை.

இனி குறைகள். 2010 வான்கூவர் அரையிறுதியில் அமெரிக்கா முதல் பீரியடிலேயே 6 கோல் அடித்தது. முறை உடைந்தால் கொஞ்சம் உடையாது, மொத்தமாக உடையும் என்பதற்கு அதுவே சாட்சி. 2012 சொந்த நாட்டு உலக சாம்பியன்ஷிப்பில் நான்காம் இடம், 2013இலும் நான்காம் இடம். 2012-13இல் ஒரே நேரத்தில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கின் எஸ்.கே.ஏ. அணியையும் பார்த்துக்கொண்டார். இரண்டு அடுப்பில் இரண்டு பானை வைத்தால் ஒன்று தீயும். பெரிய குறை கடைசியில் வந்தது. 2023இல் தம்பெரேயில் மிக்கோ ரன்டனென் போன்ற என்.எச்.எல். நட்சத்திரங்கள் இருந்தும் காலிறுதியில் கனடாவிடம் 1-4. 2024இல் காலிறுதியில் ஸ்வீடனிடம் கூடுதல் நேரத்தில் 1-2. நட்சத்திரங்கள் வந்தபோது முறை அவர்களைச் சுமந்தது, அவர்களை அவிழ்த்துவிடவில்லை.

அவருக்கு அவிழ்த்துவிடவே தெரியாது என்று சொன்னால் அது பொய். 2016 இளையோர் அணியில் பாட்ரிக் லைனே, யெஸ்ஸே புல்யுயார்வி, செபாஸ்டியன் அஹோ மூவரையும் ஒரே வரிசையில் போட்டுத் தாக்கவிட்டார். இறுதியில் ரஷ்யாவை 4-3 என்று வென்றது காஸ்பெரி கபனெனின் கூடுதல் நேர கோலில். ஆனால் பெரியவர்கள் அணியில் அந்தத் துணிச்சல் ஆண்டுக்கு ஆண்டு குறைந்தது என்பதே நம் குறை.

சிறு கிளப் பயிற்சியாளர் எதை எடுத்துக்கொள்ளலாம்? முழு முறையையும் அள்ளிக்கொண்டு போகாதீர்கள், வாரத்துக்கு இரண்டு பயிற்சி இருக்கும் அணிக்கு அது செரிக்காது. உயரத்தில் நிற்கும் மூன்றாம் ஃபார்வர்டு என்ற ஒரு விதியை மட்டும் முதல் மாதம் பழக்குங்கள். அது பழகிய பிறகு முதல் ஆளின் வளைவு. அதற்கும் பிறகுதான் 1-2-2. தலைகீழாகப் போனால் வடிவம் பலகையில் இருக்கும், பனியில் இருக்காது.

2024க்குப் பிறகு பின்லாந்து அணி அன்டி பென்னனெனிடம் போனது. எச்.பி.கே.வுக்கு 2019இல் இரண்டாவது பட்டம் வாங்கித் தந்தவர் அவர், அதே கடையிலிருந்து வந்த அடுத்த சரக்கு. யாலோனென் இத்தாலிக்குப் போனார். ரன்டனெனும் கிரான்லுண்டும் இல்லாத அணி அது, 2025இல் கீழ்ப்பிரிவிலிருந்து உலக சாம்பியன்ஷிப்பின் மேல்தளத்துக்கு ஏறியது.