கறுப்பு ஷேலின் வயது: ரீனியம்–ஆஸ்மியமா, யுரேனியம்–ஈயமா?

கரிமம் செறிந்த கறுப்பு ஷேல் (கடலடிச் சேறு இறுகி உருவான பாறை) எப்போது படிந்தது என்று அறிய ரேடியோகார்பன் உதவாது. ஏறக்குறைய 50,000 ஆண்டுகளோடு அதன் எல்லை முடிந்துவிடும். ஒரு தனிமம் மெல்லச் சிதைந்து இன்னொன்றாக மாறுவதை அளந்து வயது சொல்லும் முறைகளில், பொட்டாசியம்–ஆர்கானும் ருபீடியம்–ஸ்ட்ரான்ஷியமும் களிமண் தாதுக்களை நம்புபவை. ஆறு கொண்டுவந்த பழைய களிமண் வயதைக் கூட்டிக்காட்டும், புதைந்தபின் ஏறிய சூடு குறைத்துக்காட்டும். மிஞ்சுவது இரண்டு முறைகள்.

துல்லியம் மட்டுமே வேண்டுமென்றால் யுரேனியம்–ஈயம்தான், பேச்சே இல்லை. சிர்கான் படிகம் உருவாகும்போது யுரேனியத்தை ஏற்கும், ஈயத்தைக் கிட்டத்தட்ட ஒதுக்கிவிடும். இரண்டு யுரேனிய ஐசோடோப்புகள் தனித்தனி வேகத்தில் ஈயமாகச் சிதைவதால் ஒரே படிகத்தில் இரண்டு கடிகாரங்கள். ஒன்று பிசகினால் மற்றது காட்டிக்கொடுக்கும். ஆனால் இதற்கு உதவும் சிர்கான் கிடைப்பது எரிமலைச் சாம்பலில். அது சொல்வது சாம்பலின் வயதை, ஷேலின் வயதை அல்ல. ஷேலுக்கு நடுவே சாம்பல் அடுக்கு இருந்தால் சரி. இல்லாவிட்டால்? பெரும்பாலும் இருப்பதில்லை.

ரீனியம்–ஆஸ்மியம் ஷேலையே நேராகக் கேட்கிறது. ஆக்சிஜன் குறைந்த கடலடியில் இரண்டு தனிமங்களும் நீரிலிருந்து கரிமச் சேற்றில் வந்து சேர்கின்றன. ரீனியம்-187 ஆஸ்மியம்-187 ஆகச் சிதைகிறது. அரை ஆயுள் சுமார் 4,160 கோடி ஆண்டுகள். 1989-இல் ரவிஸா, டுரேகியன் என்ற ஆய்வாளர்கள் வட அமெரிக்காவின் பாக்கன் ஷேலில் இதைச் சோதித்தபோது கிடைத்தது 35.4 கோடி ஆண்டு, பிழை 4.9 கோடி. அந்தப் பிழையை வைத்துக்கொண்டு எந்தக் கால எல்லையையும் தீர்மானிக்க முடியாது.

நிலைமையை மாற்றியதில் பெரும்பங்கு, என் பார்வையில், கருவியைவிட அமிலத்துக்குத்தான். ராஜ திராவகத்தில் (நைட்ரிக், ஹைட்ரோகுளோரிக் அமிலக் கலவை) கரைத்தால் கடல்நீர் தந்த ரீனியத்தோடு நிலத்திலிருந்து வந்த பழைய துகள்களின் பங்கும் கலந்துவிடும். குரோமிக்–கந்தக அமிலக் கலவையோ கரிமப் பகுதியையே முக்கியமாகத் தாக்கும். மூடிய கண்ணாடிக் குழாயில் 240 டிகிரி வரை இரண்டு நாள் சூடாக்குவார்கள். அப்புறம் மாதிரி எடுப்பது. எல்லா மாதிரிகளும் ஒரே தொடக்க ஆஸ்மியம் விகிதத்தோடு இருக்க வேண்டும், எனவே குறுகிய தடிப்புக்குள் எடுக்க வேண்டும். காற்றும் மழையும் பட்ட மேற்பரப்பைத் தொடவே கூடாது. இரண்டு தனிமங்களும் அங்கிருந்து கழுவிப் போயிருக்கும்.

மாதிரிகளின் ரீனியம், ஆஸ்மியம் விகிதங்களை வரைபடத்தில் புள்ளிகளாகக் குறித்தால், அவை விழும் கோட்டின் சாய்வுதான் வயதைத் தரும். ஆனால் புள்ளிகள் நேர்கோட்டில் விழுந்துவிட்டன என்று மகிழவும் வேண்டாம். இரண்டு மூலங்கள் கலந்தாலும் நேர்கோடு வரும். வெளியிலிருந்து சாட்சி தேவை. அதற்கு நல்ல இடம் கனடாவின் ஆல்பர்ட்டாவில் உள்ள எக்ஸ்ஷா ஷேல். பாக்கனுக்கு ஏறத்தாழ இணையான பாறை, டெவோனியன், கார்போனிஃபெரஸ் என்ற இரு புவியியல் காலங்களுக்கு இடையிலான எல்லையைத் தாங்கி நிற்பது. 2005-இல் செல்பி, கிரீசர் என்ற ஆய்வாளர்கள் ரீனியம்–ஆஸ்மியத்தில் பெற்றது 36.13 கோடி ஆண்டு, பிழை 24 லட்சம். ஜெர்மனியில் அதே எல்லையையொட்டிய சாம்பல் அடுக்குகளின் சிர்கான் தந்தது 36.07 கோடி, பிழை 7 லட்சம். பிழை எல்லைக்குள் இரண்டும் ஒத்துப்போகின்றன.

ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். ரீனியத்தின் சிதைவு வேகமே இரும்பு விண்கற்களை வைத்துக் கணக்கிடப்பட்டது. அவற்றின் வயதாக எடுத்துக்கொண்டது ஈய ஐசோடோப்பு தந்த எண். எனவே எக்ஸ்ஷாவில் கிடைத்த பொருத்தத்தை இரு கடிகாரங்களும் முழுக்கத் தனித்தனியாகச் சொன்ன சாட்சி என்று எடுத்துக்கொள்ள முடியாது. அந்த ஷேல் படிந்தபின் ரீனியத்தையும் ஆஸ்மியத்தையும் இழக்காமல் வைத்திருந்தது என்பதற்கு வேண்டுமானால் அது வலுவான ஆதாரம்.